நாற்றுப் பையிலும் காபித் தண்டிலும் படரும் பச்சை: மருந்து அடிக்க வேண்டுமா?

கேள்வி: ஏற்காட்டில் காபியும் மிளகும் வைத்திருக்கிறேன். நிழல்வலைக்குள் உள்ள மிளகு நாற்றுப் பைகளின் மண்மேல் பச்சைத் தகடாக ஏதோ ஒட்டிப் படர்கிறது. காபித் தண்டுகளிலும் வாய்க்கால் ஓரத்திலும் பாசி. எல்லாவற்றுக்கும் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல் தெளித்துவிடலாமா?

பதில்: தெளிக்க வேண்டாம் ஐயா. இவை எல்லாம் பிரையோஃபைட்டுகள் என்ற ஒரே கூட்டம்தான். பூவும் விதையும் கிடையாது, உண்மையான வேரும் கிடையாது. ஆனால் அதற்குள் லிவர்வொர்ட், ஹார்ன்வொர்ட், மாஸ் என்று மூன்று பிரிவுகள் உண்டு. உங்களுக்குத் தொல்லை தருவது முதல் பிரிவு மட்டுமே.

பைகளில் இருப்பது பெரும்பாலும் மார்கான்ஷியா என்ற லிவர்வொர்ட். தண்டு, இலை என்ற பிரிவில்லாமல் கிளைவிட்டுப் படரும் தட்டையான உடல். லென்ஸ் வைத்துப் பாருங்கள், மேற்பரப்பில் சின்னஞ்சிறு கிண்ணங்கள் தெரியும். அவற்றில் இருக்கும் பச்சை மொட்டுகள் ஒவ்வொன்றும் தனிச்செடியாக வளரக் கூடியவை. பூவாளித் தண்ணீர் கிண்ணத்தில் விழும்போது அவை அடுத்த பைக்குத் தெறிக்கின்றன. தகடு கெட்டியாகிவிட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது. என் கவலை அதைவிடப் பெரியது: இது செழிக்கும் அளவுக்கு மேல்மண் ஓயாமல் ஈரமாக இருந்தால், மிளகின் விரைவு வாடல் நோய்க்கும் அது வசதியான இடம். காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். மேல்மண் காய்ந்தபின் அடுத்த முறை விட்டால் போதும். உரத்தை மேலே தூவாமல் மண்ணோடு கலந்துவிடுங்கள். தகட்டைச் சுரண்டி எடுத்தபின் உமியைப் பரப்பினால் மீண்டும் ஒட்டுவது வெகுவாகக் குறையும். கடும் மயில்துத்தக் கரைசல் இளம் வேர்களைக் கருக்கிவிடும்.

வாய்க்கால் ஓரத்தில் தட்டையான உடலிலிருந்து பச்சைக் கொம்புகள் நிமிர்ந்து நின்றால் அது ஹார்ன்வொர்ட். முதிர்ந்த கொம்பு நுனியிலிருந்து இரண்டாகப் பிளந்து வித்துகளை (விதை அல்ல, ஸ்போர் என்னும் நுண்துகள்) உதிர்க்கும். அடிப்பகுதியோ வளர்ந்துகொண்டே இருக்கும். அதன் உடலுக்குள் நாஸ்டாக் என்ற நீலப்பசும்பாசி குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துகிறது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

காபித் தண்டில் மெத்தையாக வளர்வது மாஸ். நுண்ணிய தண்டும் அதைச் சுற்றி இலைகளும், மெல்லிய காம்பின் நுனியில் மூடியிட்ட வித்துப்பையும் இருக்கும். வேருக்குப் பதிலாக இவற்றுக்கு இருப்பவை பற்றிழைகள்; லிவர்வொர்ட்டில் அவை ஒவ்வொன்றும் ஒரே செல். மாஸின் இழைகளோ பல செல்களால் ஆனவை. எதுவாயினும் அந்த இழைகள் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மழைநீரையும் பனியையும் கொண்டே மாஸ் வாழ்கிறது. பூக்கும் கணுக்களைக் கனமாக மூடியிருந்தால் மட்டும் அங்கே நீக்குங்கள். அரபிகா வகைக் காபி என்றால், வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டுக்காகத் தளர்ந்த பட்டையைத் தேங்காய் நார்க் கையுறையால் தேய்ப்பீர்கள் அல்லவா, தண்டுப் பாசிக்கு அதுவே போதும்.

பைகளில் சுரண்டிய தகடுகளை மட்டும் எருக்குழியில் போடாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள்.