பன்னிரண்டு பேர் வகுப்பில் ஒளிய இடமில்லை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் ஒரு சின்ன பெண்கள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். மொத்தமே இரண்டாயிரத்துச் சொச்சம் மாணவிகள்தான். நல்ல உதவித்தொகை கொடுத்தார்கள், அதை நம்பித்தான் வந்தேன். முதல் செமஸ்டர் முடியப்போகிறது. வேறு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிவிடலாமா என்ற யோசனை விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

வகுப்பில் பன்னிரண்டு பேர். எல்லாரும் பேசியே ஆக வேண்டும், அதற்கு மதிப்பெண் வேறு. எனக்கு வாயே வரவில்லை. வந்த புதிதில் நெருக்கமாக இருந்த தோழிகளோடு மனக்கசப்பாகிவிட்டது, ஆனால் மூன்று வேளையும் அதே முகங்களைத்தான் சாப்பாட்டுக் கூடத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. உறவினர்கள் கல்லூரிப் பெயரைக் கேட்டுவிட்டு "அப்படி ஒரு காலேஜா?" என்கிறார்கள். பெண்கள் மட்டுமே இருக்கும் இடத்தில் படித்துவிட்டு நாளைக்கு வெளியுலகத்தை எப்படிச் சமாளிப்பாய் என்று அப்பா கேட்கிறார். உயிரியலும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்த்துப் படிக்க ஆசை, ஆனால் இங்கே பாடங்கள் குறைவோ என்று பயமாக இருக்கிறது. நீங்களும் இப்படி ஒரு கல்லூரியில் படித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா என்று அழைத்துவிட்டாய், அதனால் உரிமையோடு நீ என்றே எழுதுகிறேன். நான் படித்தது வேறு மாநிலத்தில், ஆனால் ஏறக்குறைய அதே அளவுக் கல்லூரி. நீ எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரிந்த வரிதான்.

ஐந்து குறைகள் சொல்லியிருக்கிறாய். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் கல்லூரி மாறுவதற்கான காரணம், அது பாடங்கள் பற்றியது. மற்றதெல்லாம் சின்ன இடத்தில் வாழ்வதன் வலி, அதிலும் முதல் செமஸ்டரின் வலி. இரண்டையும் கலந்து குழப்பிக்கொண்டு முடிவெடுக்காதே.

வகுப்பில் பேசுவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நீள்வட்ட மேசை, சுற்றிலும் நாற்காலிகள், பேராசிரியரும் அதில் ஒன்றில்தான் உட்கார்ந்திருப்பார். கேள்வியைப் போட்டுவிட்டு அவர் பேசாமல் இருப்பார். பத்து விநாடி யாரும் வாய் திறக்க மாட்டார்கள், யாரோ புத்தகத்தின் பக்கத்தைத் தேவையில்லாமல் புரட்டுவார்கள், அவர் பார்வை மேசையைச் சுற்றி வந்து உன்னிடம் நிற்கும், உடனே நீ குறிப்பேட்டில் என்னவோ எழுதுவதுபோல் தலையைக் குனிந்துகொள்வாய். முந்நூறு பேர் உட்காரும் அரங்கத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. கடைசி வரிசையில் நாலு வருஷம் உட்கார்ந்து நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்துவிடலாம், நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு உட்காருவதற்காகப் பாராட்டு வாங்கியவர்கள். அடக்கமான பெண் என்று பெயர் எடுத்தவர்கள். அந்தப் பழக்கம் ஒரு செமஸ்டரில் போகாது. முழுசாக யோசித்து, இலக்கணம் சரிபார்த்து, அப்புறம்தான் பேச வேண்டும் என்று காத்திருந்தால் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். அதனால் நான் கண்ட வழி இதுதான்: வகுப்புக்குப் போகும் முன்பே ஒரு கேள்வியை எழுதி எடுத்துப் போ, பேச்சு தொடங்கிய முதல் ஐந்து நிமிஷத்துக்குள் அதைக் கேட்டுவிடு. பதிலாக இருக்க வேண்டியதில்லை, கேள்வி போதும். முதலில் பேசிவிட்டால் மீதி நேரம் நெஞ்சு படபடக்காது, மற்றவர்கள் சொல்வதும் அப்போதுதான் காதில் விழும்.

அப்புறம், வகுப்பில் அந்த மௌனத்தை உடைப்பது ஒவ்வொரு முறையும் ஒரு பெண்தான் என்பதைக் கவனித்திருக்கிறாயா? ஆய்வகத்தில் கருவியைத் திறந்து பழுது பார்ப்பதும், மாணவர் பேரவையில் பணக்கணக்கு வைப்பதும், பத்திரிகையில் தலையங்கம் எழுதுவதும், பேராசிரியரிடம் "எனக்கு இதில் உடன்பாடில்லை" என்று சொல்வதும் அவர்கள்தான். அதை அங்கே யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, அது அன்றாட விஷயம். அப்பாவிடம் இதைச் சொல். வெளியுலகத்தில் ஆண்களோடு பழகத் தெரியாமல் போய்விடும் என்பது அவர் பயம். உன் பேராசிரியர்களில் ஆண்கள் இருக்கிறார்கள், பக்கத்துக் கல்லூரி வகுப்புகளுக்குப் போனால் அங்கேயும் இருப்பார்கள், வேலைக்குப் போனால் நிறையவே இருப்பார்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்து நீ உன் கருத்தைச் சொல்வாயா என்பதுதான் நாளைக்கு முக்கியம், அந்தப் பழக்கம் உனக்கு இப்போதுதான் படிந்துகொண்டிருக்கிறது. 1969-ல் வெல்லெஸ்லி என்ற பெண்கள் கல்லூரியில் பட்டமளிப்பு விழாவில் முதல்முறையாக ஒரு மாணவியைப் பேச விட்டார்கள். ஹிலாரி ரோதம் என்ற அந்த மாணவி (பின்னாளில் ஹிலாரி கிளிண்டன்), தனக்கு முன்னால் பேசிய செனட்டருக்கு மேடையிலேயே மறுப்புச் சொல்லிவிட்டுத்தான் தன் உரையைத் தொடங்கினார்.

உறவினர்கள் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். உன் கல்லூரி இருக்கும் அதே மாநிலத்தில் 1837-ல் மேரி லயன் என்பவர் மவுன்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியைத் தொடங்கியபோது, வருஷத்துக்கு 60 டாலர்தான் கட்டணம், அதைக் குறைவாக வைப்பதற்காக மாணவிகளே விடுதி வேலைகளைச் செய்தார்கள். அங்கே 1902-ல் பட்டம் வாங்கிய பிரான்சிஸ் பெர்கின்ஸ்தான் 1933-ல் அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். பிரின் மார் என்ற இன்னொரு பெண்கள் கல்லூரியில் 1968-ல் பட்டம் வாங்கிய ட்ரூ ஃபாஸ்ட் 2007-ல் ஹார்வர்டின் முதல் பெண் தலைவரானார். வேண்டுமானால் இதையெல்லாம் உறவினர்களிடம் சொல். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பட்டியல் ஒரு துளியும் ஆறுதல் தராது, எனக்குத் தெரியும்.

தோழிகள் விஷயம்தான் உன்னை உண்மையில் வாட்டுகிறது என்று நினைக்கிறேன். வந்த முதல் வாரத்தில், யாரையும் தெரியாத பயத்தில், கிடைத்த நாலு பேரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம். நவம்பருக்குள் அது விரிசல் விடுவது எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான். பெரிய இடத்தில் அவர்களை மறுபடி பார்க்காமலே இருந்துவிடலாம், சின்ன இடத்தில் முடியாது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மேசைக்குப் போவது என்று நிற்கும் அந்த அரை நிமிஷம் கொடுமையானது, அதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். ஆனால் மேசைகள் மாறும். வளாகத்திலேயே ஒரு வேலை தேடிக்கொள். உன் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை செய்யலாம். நூலகத்திலோ ஆய்வகத்திலோ மூத்த மாணவிகளோடு வேலை செய்தால், உன் வகுப்பைத் தாண்டி ஆட்கள் பழக்கமாவார்கள். அடுத்த வருஷம் வேறு விடுதிக் கட்டடம் கேட்டு எழுதிக்கொடு. சண்டை போட்டவரோடு ஒரே ஆய்வகக் குழுவில் வேலை செய்ய நேர்ந்தால் தட்டிக்கழிக்காதே. நான் படித்த இடத்தில் அப்படி முறைத்துக்கொண்டு ஆரம்பித்த ஒருத்தியோடுதான் இன்றைக்கும் வாரம் தவறாமல் பேசுகிறேன்.

இனி பாடங்கள். இதில் உன் பயம் நியாயமானது. சின்னக் கல்லூரியில் ஒரு துறைக்கே ஏழெட்டுப் பேராசிரியர்கள்தான் இருப்பார்கள், சில உயர்நிலைப் பாடங்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும், அந்தப் பேராசிரியர் ஆய்வு விடுப்பில் போய்விட்டால் அதுவும் வராது. விளம்பரப் புத்தகத்தில் இதை யாரும் எழுத மாட்டார்கள். அதனால் உன் அட்வைசரோடு (பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர்) உட்கார்ந்து நாலு வருஷத்துப் பாடங்களையும் தாளில் எழுதிப் பார். எது எந்த செமஸ்டரில் வரும், எது வரவே வராது என்று தெரிந்துவிடும்.

அதில் ஓட்டை இருந்தால், நீ ஸ்மித் பெண்கள் கல்லூரியில் படித்தாலும் சரி, மவுன்ட் ஹோலியோக்கில் படித்தாலும் சரி, ஐந்து கல்லூரிக் கூட்டமைப்பு இருக்கிறது. ஆம்ஹர்ஸ்ட், ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகம் எல்லாம் பஸ் தூரத்தில்தான், அங்கே கூடுதல் கட்டணம் இல்லாமல் பாடம் படிக்கலாம். (வேறு கல்லூரியாக இருந்தாலும் இப்படி ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா என்று பார். வெல்லெஸ்லி மாணவிகள் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பாடம் படிக்கிறார்கள்.) வரும் செமஸ்டரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம் ஒன்றை அப்படி ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் படித்துப் பார். பெரிய அரங்கம், கூட்டம், முகம் தெரியாத சுதந்திரம், எல்லாவற்றையும் ஒரு செமஸ்டர் அனுபவித்துவிட்டு அப்புறம் சொல். மூன்றாம் ஆண்டில் வெளிநாட்டில் போய்ப் படிக்கவும் வழி இருக்கும். ஸ்மித் 1925-லேயே மாணவிகளை ஒரு வருஷம் பாரிசுக்கு அனுப்பிய கல்லூரி. உதவித்தொகையோடு போக முடியுமா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடு.

உயிரியலில் இன்னொன்றும் உண்டு. உன் கல்லூரி ஆய்வகத்தில் முனைவர் பட்ட மாணவர்கள் கூட்டமாக இருக்க மாட்டார்கள். பெரிய இடங்களில் அவர்கள் கைக்குப் போகும் வேலை இங்கே இரண்டாம் ஆண்டு மாணவியின் கைக்கே வரும். கேட்கத்தான் வேண்டும்.

இதெல்லாம் பார்த்த பிறகும் உனக்கு வேண்டிய பாடம் அங்கே இல்லை என்றால் மாறு. தயங்காதே, நன்றி கெட்டவள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஆனால் பணத்தைப் பார். வெளிநாட்டு மாணவர்கள் நடுவில் மாறி வரும்போது பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை தருவதில்லை, தந்தாலும் முதலாண்டில் சேர்பவர்களுக்குத் தருவதைவிடக் குறைவு. இப்போது கையில் இருக்கும் உதவித்தொகையை விட்டுவிட்டால் மறுபடி கேட்டு வாங்குவது லேசில்லை. அதனால் எந்த இடத்துக்கு விண்ணப்பித்தாலும், நிதி பற்றிய கடிதம் கையில் வரும்வரை இங்கே எதையும் விட்டுக்கொடுத்துவிடாதே.

மாற்றத்துக்கான விண்ணப்பங்கள் பல இடங்களில் மார்ச் மாதத்தில் முடியும். பெரும்பாலும் இப்போதைய கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். உன்னை அறியாதவர் என்ன எழுதுவார்? ஆக, இருப்பதானாலும் போவதானாலும் இந்த வாரம் நீ செய்ய வேண்டியது ஒன்றேதான். உயிரியல் பேராசிரியரின் ஆஃபீஸ் ஹவர்ஸ் (மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கும் நேரம்) எப்போது என்று பார்த்து, போய்க் கதவைத் தட்டு. வகுப்பில் எனக்கு வாய் வரவில்லை என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம், அதைக் கேட்டுப் பழகியவர்கள்தான் அவர்கள். போய்விட்டு வந்து எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா