‘எனக்கு எதுக்கும்மா?’ என்பவருக்கு என்ன வாங்குவது?

தீபாவளிக்கு முன்னால் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கவலையைச் சொல்கின்றன. அப்பா, கணவர், தம்பி, மாமனார் ஆகியோருக்கு உருப்படியாக என்ன வாங்குவது? இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டாத யோசனைகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

அப்பாவுக்கு 70 வயது. எது கொடுத்தாலும் “எனக்கு எதுக்கும்மா, காசைக் கரியாக்காதே” என்று பீரோவில் வைத்துவிடுகிறார். போன வருடம் வாங்கிய கைக்கடிகாரம் இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. 1,500 ரூபாய்க்குள் என்ன வாங்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

கடைக்குப் போகுமுன் வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள். துணி காயும் கொடி, குளியலறை மாடம், தலைமாட்டில் வைத்திருக்கும் டார்ச், வாசலில் கிடக்கும் செருப்பு. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது, ஊக்குக் குத்தியது, அடி தேய்ந்து வழுக்குவது எது என்று பார்த்தால் பட்டியல் அங்கேயே கிடைத்துவிடும். புதிதாக ஒரு பழக்கத்தைக் கேட்கும் பொருளைத்தான் இவர்கள் ஒதுக்குவார்கள். ஏற்கெனவே பழகிய பொருளே புதிதாக வந்தால் மறுப்பதில்லை.

வேட்டி கட்டுபவர் என்றால் இரண்டு நல்ல பருத்தி வேட்டிகள் போதும். ஆனால் ‘4 முழம்’, ‘8 முழம்’ என்று சொல்லி வாங்கி வந்துவிடாதீர்கள். உறையில் அச்சிட்ட மீட்டரைப் படியுங்கள். 4 முழ வேட்டி என்று விற்பதில் 1.80 மீட்டரும் உண்டு, 2 மீட்டரும் உண்டு. கொஞ்சம் தொப்பை இருப்பவருக்கு 1.80 சுற்றிச் செருகப் போதாது, நடக்கும்போது விலகும். அப்படி ஒருமுறை விலகிய வேட்டியை அவர் மறுபடி கட்ட மாட்டார். டபுள் வேட்டியிலும் இதே கதைதான், 3.60 அல்லது 4 மீட்டர். அப்பா இப்போது கட்டும் பழைய வேட்டியைத் தரையில் விரித்து டேப்பால் அளந்துகொண்டு போவது உத்தமம். கைலி என்றால் மூட்டியதா, மூட்டாததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கரையின் நிறத்திலும் ஒரு கண் இருக்கட்டும். கறுப்பும் சிவப்பும் சேர்ந்த கரையை அழகுக்காக எடுத்து வந்து, அப்பாவைக் கட்சிக்காரர் ஆக்கிவிட வேண்டாம்!

கூடவே இரண்டு ஈரிழைத் துண்டுகள் வையுங்கள். தடித்த டர்க்கி டவலைவிடச் சீக்கிரம் காயும், தோளிலும் கனக்காது. புதுத் துண்டில் கஞ்சி இருப்பதால் முதல் நாள் ஈரத்தை உறிஞ்சாது. “தண்ணியே இழுக்கலை” என்று ஒதுக்கப்படுவதற்குக் காரணம் அதுதான். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அலசிக் காயவைத்த பிறகு கொடுங்கள். சாயத் துண்டை முதல் இரண்டு சலவைக்கு வெள்ளை வேட்டியோடு சேர்க்கக் கூடாது. தீபாவளி சமயத்தில் கோ-ஆப்டெக்ஸில் கிடைக்கும் தள்ளுபடி இதற்கெல்லாம் தோது.

பணம் மிஞ்சினால், கரண்ட் போனாலும் எரியும் இன்வெர்ட்டர் பல்பு ஒன்று வாங்கிக் குளியலறை வழியில் மாட்டுங்கள். சாதாரண ஹோல்டரிலேயே பொருந்தும். சுவிட்சைப் போட்டே வைத்திருந்தால்தான் கரண்ட் போகும்போது தானாக எரியும் என்பதை மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் இது வீண்செலவு.

தம்பி தினமும் 40 கிலோமீட்டர் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறான். பைக்குக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க ஆசை. எனக்கு வண்டி பற்றி ஒன்றும் தெரியாது.
– வாசகி, திருப்பூர்

தெரியாமலே நல்லதாக வாங்கலாம். வண்டி நிற்கும்போது மூன்று விஷயங்களை மட்டும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: டயரின் பக்கவாட்டு, சக்கரம், செயின் இருக்கும் இடம்.

டயரில் ‘டியூப்லெஸ்’ என்று பொறித்திருந்தால் பஞ்சர் கிட் வாங்கலாம். சில நூறு ரூபாய்தான். பொறித்திருக்காவிட்டால், அல்லது கம்பி ஸ்போக்ஸ் வைத்த சக்கரமாக இருந்தால், உள்ளே டியூப் இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கு இந்த கிட் உதவாது. செயின் ஸ்ப்ரேயும் அப்படித்தான். ஸ்கூட்டர் ஓட்டும் தம்பிக்கு அதை வாங்கிக் கொடுத்து அசடு வழிந்த அக்காக்கள் உண்டு. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் உள்ளே ஓடுவது பெல்ட். எண்ணெய் போட வெளியே செயினே இல்லை.

கிட்டில் இருக்க வேண்டியவை: அரம் போன்ற துளைக் கருவி, காது வைத்த ஊசி, ரப்பர் பட்டைகள், சிறிய பசைக் குழாய். கைப்பிடி ‘T’ வடிவத்தில் இரும்பாக இருப்பதாகப் பாருங்கள். பிளாஸ்டிக் கைப்பிடி, டயரில் அழுத்தும்போதே உடையும். தம்பிக்கு முறை தெரியாவிட்டால் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள்: எல்லாம் கையில் தயாரான பிறகே ஆணியைப் பிடுங்கு. வந்த கோணத்திலேயே அரத்தை விட்டு நாலைந்து முறை ஏற்றி இறக்கு. பட்டையை ஊசியில் பாதிக்குப் பாதி கோத்துப் பசை தடவி, வெளியே ஒரு சென்டிமீட்டர் நிற்கும்வரை அழுத்து. ஊசியைத் திருகாமல் நேராக வெடுக்கென்று இழு. திருகினால் பட்டையும் கூடவே வந்துவிடும். காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா பார். வராவிட்டால் நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிடு. தரையைத் தொடும் பகுதியில் ஏற்பட்ட ஓட்டைக்கு மட்டும்தான் இதெல்லாம். டயரின் பக்கவாட்டில் ஆணி ஏறியிருந்தால் டயரையே மாற்ற வேண்டும்.

கிட் இருந்தும் காற்றடிக்க வழியில்லாவிட்டால் பயன் பாதிதான். கையளவு பேட்டரிக் காற்றடிப்பான் கிடைக்கிறது. அல்லது ஒரு நல்ல கால் பம்ப் போதும்; மலிவு, சார்ஜ் கேட்காது. எங்கள் ஓட்டு கால் பம்புக்கே.

ஹெல்மெட் வாங்குவதானால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே தலையைச் சுற்றி அளந்தால் 58 செ.மீ. என்றால் பெரும்பாலும் மீடியம், 60 என்றால் லார்ஜ். போட்டுத் தலையை ஆட்டும்போது கன்னத்துச் சதையும் கூடவே அசைந்தால் சரியான அளவு. ஹெல்மெட் தனியாகச் சுற்றினால் பெரிது. பில்லைப் பத்திரப்படுத்துங்கள், மாற்ற வேண்டி வரலாம்.

என் கணவருக்கு ஒவ்வொரு பண்டிகைக்கும் சட்டைதான். ஆனால் அவர் அதே இரண்டு பழைய சட்டைகளையே மாற்றி மாற்றிப் போடுகிறார். எங்கே தப்பு?
– வாசகி, மதுரை

நிறத்தில் இல்லை, அளவிலும் துணியிலும் இருக்கிறது. அந்தப் பழைய சட்டையைப் பட்டன் போட்டு மேசையில் பரப்பி நாலு இடத்தில் அளந்துகொள்ளுங்கள்: அக்குளிலிருந்து அக்குள் வரை, தோளிலிருந்து தோள் வரை, பின் கழுத்திலிருந்து கீழ் விளிம்பு வரை, வயிற்றுப் பகுதியின் அகலம். கடையிலும் புதுச் சட்டையை அப்படியே பரப்பி அளந்து பாருங்கள். லேபிளில் 40, 42 என்று இருப்பதை நம்பாதீர்கள். ‘ஸ்லிம் ஃபிட்’ என்றால் அதே 42 வயிற்றில் பிடிக்கும். பெரும்பாலும் பொருந்தாமல் போவது வயிறும் உயரமும்தான். கையைத் தூக்கும்போது இடுப்பு தெரிந்தால், அந்தச் சட்டைக்கு அலமாரிதான்.

இன்னொரு வழி, துணியாகக் கொடுப்பது. முழுக்கைச் சட்டைக்கு 58 அங்குல அகலத் துணி 1.60 மீட்டர், 36 அங்குல அகலமானால் 2.50 மீட்டர் வேண்டும். உடல் பருத்தவருக்கு இன்னும் கால் மீட்டர் சேருங்கள். பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கும். முக்கியமாக, பழைய சட்டையை அளவுக்குக் கொடுத்து, தையல் கூலியையும் நீங்களே கட்டிவிடுங்கள். துணியாக மட்டும் கொடுத்தால் அடுத்த தீபாவளிக்கும் அது பிளாஸ்டிக் உறையிலேயே இருக்கும்.

மாமனாருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. இனிப்புக்குப் பதில் என்ன கொடுக்கலாம்? மருந்துச் சாமான் கொடுத்தால் தவறாக நினைப்பாரோ?
– வாசகர், நாகர்கோவில்

சர்க்கரை பார்க்கும் கருவி அவரிடம் இருந்தால், தீர்ந்துபோகும் ஸ்ட்ரிப்தான் மாமனாருக்கு உண்மையான செலவு. கருவியின் பெயரையும் மாடலையும் அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். ஒரே கம்பெனியின் வேறு மாடல் ஸ்ட்ரிப்கூடப் பொருந்தாமல் போகலாம். காலாவதித் தேதியைப் பாருங்கள். பல வகை ஸ்ட்ரிப்களை, டப்பியைத் திறந்தபின் சில மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்பதால் 100 உள்ள பெரிய டப்பியைவிட 25 உள்ள இரண்டு டப்பிகள் மேல்.

ரத்த அழுத்தக் கருவி என்றால் மேல்கையில் சுற்றுவதை வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவதை அல்ல. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளந்து, பெட்டியில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். சாதாரணப் பட்டை ஏறக்குறைய 22 முதல் 32 செ.மீ. வரைக்கானது. பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டி வீட்டையே கலவரப்படுத்தும். சட்டைக் கைமேல் சுற்றாமல், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதயத் துடிப்பு சீரற்றவர் என்றால் வாங்குமுன் அவருடைய டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தவறாக நினைப்பாரோ என்கிறீர்கள். நாலு பேர் முன்னால் பண்டிகைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் நினைக்கலாம். தட்டில் வறுத்த வேர்க்கடலையும் வேட்டியும் இருக்கட்டும். கருவியை மறுநாள் காலையில் தனியாகக் கொடுத்து, நீங்களே ஒருமுறை கட்டிக் காட்டுங்கள்.

ஆபீசில் பத்து ஆண்கள். தலைக்கு 200 ரூபாய். சாவிக்கொத்தும் பேனா ஸ்டாண்டும் கொடுத்து அலுத்துவிட்டது.
– வாசகி, சென்னை

உறுதியான எஃகு நகவெட்டி, பெரிய அளவு. கால் கட்டைவிரல் நகத்தை வெட்ட முடிய வேண்டும். அல்லது பருத்திக் கைக்குட்டை மூன்று. கைக்குட்டை கொடுத்தால் பிரிவு, கூரான பொருள் கொடுத்தால் பகை என்று நினைப்பவர்கள் இருந்தால், ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு ‘விற்று’விடுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எங்கள் பெரியப்பா. இன்னமும் மைப்பேனாவில்தான் எழுதுகிறார். நல்ல பேனா 1,000 ரூபாய்க்குள் கிடைக்குமா?
– வாசகர், தஞ்சாவூர்

தாராளமாக. முதலில் அவர் எந்த வகையில் எழுதுகிறார் என்று பாருங்கள். கழுத்தைத் திருகித் திறந்து, சொட்டுக்குழாயால் உடம்புக்குள்ளேயே மை ஊற்றுகிற பேனாவா? அப்படியானால் அதே வகையையே வாங்குங்கள். மை நிறையப் பிடிக்கும். நாளெல்லாம் எழுதுபவருக்கு அதுதான் வசதி. அதில் ஒரு குறை உண்டு. மை கால்வாசிக்குக் கீழே போனதும், கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். தாளில் பொட்டென்று விழும். பேனா கெட்டுவிட்டதாக நினைத்து மூலையில் போட்டுவிடுவார்கள். கால்வாசி வந்ததுமே நிரப்பினால் சரியாகிவிடும். மரையில் கசிந்தால் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு தடவினால் போதும். வாசலின் வேண்டாம்.

நிப்பைக் கடையிலேயே அவருடைய தாளில் எழுதிப் பாருங்கள். மெல்லிய நோட்டுத் தாளில் எழுதுபவருக்கு அகல நிப் கொடுத்தால் மை பின்பக்கம் ஊறும். கூடவே ஒரு புட்டி மை. ‘இந்தியன் இங்க்’ என்று ஓவியர்களுக்கு விற்பதைத் தப்பித் தவறி எடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள அரக்கு காய்ந்தால் பேனாவின் தொண்டை அடைத்துக்கொள்ளும், பிறகு திறக்காது. பேனாவுக்கென்று விற்கும் நீலமோ கறுப்போ போதும். புது மை நிரப்புமுன் வெதுவெதுப்பான தண்ணீரில் பேனாவை இரண்டு மூன்று முறை அலசிக் கொடுங்கள், கொதிநீர் வேண்டாம். அவருடைய பழைய பேனாவையும் கையோடு வாங்கி அலசி, அதே பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுங்கள். முதல் ஒரு வாரம் அதைத்தான் எடுப்பார்.