சப்ளை செயினில் ‘டியூ டிலிஜென்ஸ்’ என்றால் என்ன?

தன் பொருள் எங்கே, யாரால், எந்த நிலைமையில் தயாராகிறது என்று ஒரு நிறுவனம் தேடிப் பார்த்து, யாருக்கும் தீங்கு நேராமல் தடுப்பதும், நேர்ந்தால் சரிசெய்வதும்தான். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வெள்ளையடித்த முன்னறையோடு திரும்பாமல் குழாயையும் திறந்து பார்ப்போமே, அப்படி.

ஏன் இது? 2013-இல் வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே தைத்த ஆடைகள் வெளிநாட்டு பிராண்டுகளுக்குப் போனவை. முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. ஆனாலும் வேலைக்கு வரச் சொன்னார்கள். விலையைக் குறை, சீக்கிரம் அனுப்பு என்று வாங்குபவர் நெருக்கினால், அது கடைசியில் தொழிலாளி தலையில்தான் விடியும். ஆலை சொந்தமில்லை என்று ஒதுங்க முடியாது; தொழில் நிறுவனங்களும் மனித உரிமைகளும் குறித்து 2011-இல் ஐ.நா. ஏற்ற வழிகாட்டு நெறிகளும் இதைத்தான் சொல்கின்றன.

தவறு தெரிந்ததும் சப்ளையரைக் கழற்றிவிடுவதுதான் டியூ டிலிஜென்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அது கடைசி வழி, முதலில் அவரோடு சேர்ந்து சரிசெய்யப் பார்க்க வேண்டும்.