ஓடும்போது விழக்கூடாது, எடுக்கும்போது சிக்கக்கூடாது

கேள்வி: நான் 10 மீற்றர் எயார் பிஸ்டலில் பழகியவன். இப்போது கழகத்தின் குளொக் 17 பிஸ்டலை வைத்து ஐபிஎஸ்சி (ஓடியும் நகர்ந்தும் சுடும் துப்பாக்கிப் போட்டி) புரொடக்‌ஷன் பிரிவுக்கு (அதிகம் மாற்றாத பிஸ்டல்களுக்கானது) பயிற்சி எடுக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய தோல் உறை. இறுக்கமான ஹோல்ஸ்டர் என்றால் எடுக்கத் தாமதமாகும், தளர்வானது என்றால் ஓடும்போது விழும் என்கிறார்கள். எதை வாங்குவது? (வாசகர், பண்டாரவளை)

பதில்: இறுக்கமும் வேகமும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்பதால்தான் பலருடைய பணம் வீணாகிறது. நல்ல ஹோல்ஸ்டர் பிஸ்டலை விசைக்காப்பு வளையத்தில் (விசையைச் சுற்றியிருக்கும் வளையம்) கவ்விப் பிடிக்கும். நேர் மேலே இழுத்தால் முதல் ஒன்று, ஒன்றரை சென்டிமீற்றருக்குள் பிடி விட்டுவிடும். அதன் பிறகு தடை என்று சொல்ல எதுவும் இருக்காது. தளர்ந்த உறையில் பிஸ்டல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சரிவில் கிடக்கும். கை போய்ச் சேரும் இடம் மாறும், துப்பாக்கியை நீட்டிய பிறகு பிடியைத் திருத்த வேண்டிவரும். நேரம் போவது அங்கேதான். சுட்டுக்கொண்டிருக்கும்போது பிஸ்டல் கீழே விழுந்தால் போட்டியிலிருந்தே நீக்கம். மற்ற நேரத்தில் விழுந்தாலும் நீங்கள் குனிந்து எடுக்கக்கூடாது. ரேஞ்ச் அதிகாரியை (சுடுதளத்தில் போட்டியை நடத்துபவர்) கூப்பிடுங்கள், அவர்தான் எடுக்க வேண்டும்.

தோல் உறையை இன்றே ஒதுக்கிவிடுங்கள். நம் மலைப்பக்கத்து ஈரத்தில் தோல் நீரை உறிஞ்சி இளகும், பூஞ்சணம் பிடிக்கும். இளகிய தோலின் வாய் மடிந்து உள்ளே சரிந்தால், பிஸ்டலைத் திருப்பி வைக்கும்போது அந்த மடிப்பே விசையை அழுத்திவிடும். இந்த ஒரு காரணமே போதும்.

உங்களுக்கு வேண்டியது குளொக் 17க்கென்றே வார்த்த கைடெக்ஸ் (சூடாக்கி வார்க்கும் பிளாஸ்டிக் தகடு) அல்லது வேறு கடினமான பிளாஸ்டிக் ஹோல்ஸ்டர். பிஸ்டலைப் பூட்டும் பொத்தான், நெம்பு எதுவும் வேண்டாம். இறுக்கத்தை ஸ்குரூவால் கூட்டிக் குறைக்கும் வகை போதும். 'எல்லா பிஸ்டலுக்கும் பொருந்தும்' என்று விற்கும் துணி உறைகள் எதற்கும் பொருந்தாதவை. பிஸ்டல் கழகத்துடையது என்பதால் ஸ்லைடில் (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பகுதி) பொறித்திருக்கும் மாடலை வாசித்துக் குறித்துக்கொண்ட பிறகே ஓர்டர் பண்ணுங்கள். குளொக் 17இன் குழல் 114 மி.மீ., குளொக் 34இனுடையது சுமார் 135 மி.மீ.; அடி திறந்த ஹோல்ஸ்டர் என்றால் இரண்டுக்கும் ஒன்றே போதும். சிஇசட் நிறுவனத்தின் பிஸ்டல்களில் இப்படிச் சமாளிக்க முடியாது. அதன் எஸ்பி-01 மாடலின் உறையில் ஷாடோ 2 மாடல் சரியாக உட்காரும் என்று நம்பி வாங்க வேண்டாம். பின்னாளில் ரெட் டொட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) பூட்டும் எண்ணம் இருந்தால், மேல் விளிம்பு அதற்கேற்ப வெட்டப்பட்டதாக எடுங்கள்.

வெளிநாட்டுப் போட்டிக் காணொளிகளில் காணும் எலும்புக்கூடு போன்ற ரேஸ் ஹோல்ஸ்டர் பிஸ்டலை விசைக்காப்பு வளையத்தில் மட்டும் பூட்டி நிறுத்துகிறது. சிறு நெம்பைத் தள்ளிப் பூட்ட மறந்தால் பிடிக்க வேறொன்றும் இல்லை. ஓப்பன், ஸ்டாண்டர்ட் பிரிவுகளில் அனுபவசாலிகள் அதை வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்கு இப்போது வேண்டாம். சுட்டுவிரலால் பொத்தானை அழுத்தி விடுவிக்கும் வகையை எப்போதுமே வாங்காதீர்கள். அழுத்திய விரல், பிஸ்டல் மேலே வரும்போது அதே அழுத்தத்தோடு விசைக்காப்புக்குள் வழுக்கிப் போகிறது. காலில் சுட்டுக்கொண்ட சம்பவங்கள் நடந்திருக்கின்றன, பல பயிற்சித் தளங்களில் அதற்கு அனுமதியே இல்லை. நுவரெலியாக் காலைக் குளிரில் விரைத்த விரலுக்கு அது இன்னும் ஆபத்து.

புரொடக்‌ஷன் பிரிவில் இடமும் தூரமும் அளந்து பார்க்கப்படும். ஹோல்ஸ்டரும் மெகசின் (ரவைக்கூடு) பைகளும் இடுப்பெலும்பின் முன்நுனிக்குப் பின்னால் இருக்க வேண்டும். உடம்புக்கும் பிஸ்டல் கைபிடியின் நடுவுக்கும் இடையில் 50 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. கைபிடியின் அடி பெல்ட்டின் மேல்விளிம்புக்குக் கீழே இறங்கக்கூடாது. சாதாரணமாக நிற்கும்போது குழல்வாய் காட்டும் இடம் உங்கள் பாதத்திலிருந்து ஒரு மீற்றருக்கு அப்பால் போகக்கூடாது. உறைக்குள் இருக்கும்போது விசையை எந்த வழியிலும் தொட முடியக்கூடாது. விதிப்புத்தகம் அவ்வப்போது திருத்தப்படுவதால், வாங்குமுன் நடப்புப் பதிப்பை ரேஞ்ச் அதிகாரியிடம் கேட்டு ஒத்துப்பாருங்கள்.

ஹோல்ஸ்டருக்குச் செலவழிப்பவர்கள் பெல்ட்டை மறந்துவிடுகிறார்கள். பாதி வேகம் பெல்ட்டில் இருக்கிறது. வழக்கமான காற்சட்டை பெல்ட் வளையும். பிஸ்டலை இழுக்கும்போது ஹோல்ஸ்டரும் சேர்ந்து மேலே ஏறும், பிடி விடுவதற்குள் கை மார்பளவுக்கு வந்துவிடும். சுமார் 38 மி.மீ. அகலமுள்ள இரட்டைப் பெல்ட்தான் இதற்குச் சரி. மென்மையான உள்பட்டி காற்சட்டை வளையங்களுக்குள் போகும், விறைப்பான வெளிப்பட்டி வெல்க்ரோவால் அதன்மேல் ஒட்டும். குறைந்தது மூன்று வளையங்களுக்குள்ளாவது பெல்ட் போயிருக்க வேண்டும் என்பதும் விதி. கம்பளிச் சுவெட்டரின் பஞ்சு வெல்க்ரோவில் அடைத்துக்கொண்டால் ஒட்டும் பிடி குறையும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கிளறி எடுத்துவிடுங்கள்.

பொருத்திச் சரிபார்க்கும் வேலை முழுவதும் வெற்றுத் துப்பாக்கியில்தான். மெகசினைக் கழற்றுங்கள், அறை காலியா என்று கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டு உறுதிப்படுத்துங்கள், இன்னொருவரும் பார்க்கட்டும். ரவைகள் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. கழகத் துப்பாக்கி என்றால் இதைச் சுடுதளத்தில், பொறுப்பாளரின் முன்னால் செய்யுங்கள். பிஸ்டலை ஹோல்ஸ்டருக்குள் வைத்து, மடித்த கம்பளிக்கு மேலே தலைகீழாகப் பிடித்து நன்றாகக் குலுக்குங்கள். நழுவினால் ஸ்குரூவைக் கால் சுற்று இறுக்கி மறுபடி பாருங்கள். நழுவாமல் நின்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் இறுக்குவது வீண். பிறகு அணிந்து குந்துங்கள், முழந்தாளிடுங்கள், ஒரு பத்து மீற்றர் ஓடுங்கள், திடீரென்று நில்லுங்கள்.

அடுத்தது கைபிடி. பிஸ்டல் உறைக்குள் இருக்கும்போதே, சுடும்போது பிடிப்பதுபோல முழுதாகப் பிடிக்க முடிய வேண்டும். நடுவிரல் விசைக்காப்பின் அடியில் போய் முட்ட வேண்டும். பெல்ட்டோ ஹோல்ஸ்டரின் விளிம்போ விரலைத் தடுத்தால், தொங்கு பட்டையை (ஹோல்ஸ்டரைப் பெல்ட்டோடு இணைக்கும் பட்டை) ஒரு துளை இறக்குங்கள். இடுப்பு அகன்றவர்களுக்கும் பெண்களுக்கும் கைபிடி விலாவில் முட்டும். அவர்களுக்குச் சற்று இறக்கி, வெளியே தள்ளிவைக்கும் பட்டைதான் தீர்வு, மேலே சொன்ன 50 மி.மீ., பெல்ட் விளிம்பு எல்லைகளுக்குள் இருந்தால் சரி. ஹோல்ஸ்டரின் சாய்வு பூச்சியத்திலிருந்து தொடங்கட்டும். பின்னால் வைத்த உறையில் முழங்கை இயல்பாக மேலே ஏறாவிட்டால் மட்டும் சிறிது முன்சாய்வு கொடுங்கள்.

நம் ஊரில் எல்லாவற்றிலும் கவனமாக இருக்க வேண்டியது ஜாக்கெட். மூடுபனி இறங்கியதும் எல்லோரும் ஒன்றை மாட்டிக்கொள்கிறோம்; அதன் இடுப்புக் கயிறும் நுனியிலுள்ள பிளாஸ்டிக் குண்டும் ஹோல்ஸ்டரின் வாய்க்குள் விழுந்துவிடும். ரவை ஏற்றிய பிஸ்டலை அதன்மேல் அழுத்தினால் கயிறு விசையை இழுக்கும். குளொக்கில் தனிப் பாதுகாப்பு நெம்பு இல்லை, விசையிலேயே இருக்கும் சிறு நெம்பையும் கயிறு சேர்த்து அழுத்திவிடும். கயிறுகளை வெட்டி எறியுங்கள். ரேஞ்ச் அதிகாரி 'மேக் ரெடி' (தயாராகுங்கள்) என்று சொன்னதும் ரவை ஏற்றி உறையில் வைக்கும்போது, இடக்கையால் ஜாக்கெட்டை வயிற்றோடு பிடித்து, உறையின் வாயைப் பார்த்து, சுட்டுவிரலை ஸ்லைடோரம் நேராக நீட்டி மெதுவாக வையுங்கள். எங்கேயாவது தட்டினால் அழுத்தாதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள்.

கைடெக்ஸ் நீரை உறிஞ்சாது. ஆனால் செம்மண் தூசி உள்ளே ஒட்டி ஸ்லைடின் பூச்சை அரம்போல் தேய்க்கும். வெதுவெதுப்பான நீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். மழையில் நனைந்ததை அடுப்பங்கரையில் தொங்கவிடக்கூடாது. 75, 80 பாகை செல்சியசிலேயே அது தளரத் தொடங்கும், விசைக்காப்பைக் கவ்வும் வளைவு போனால் ஹோல்ஸ்டரே போனது. பிஸ்டலை ஹோல்ஸ்டரிலேயே விட்டு பெட்டியில் பூட்டாதீர்கள், இடையில் தேங்கும் ஈரம் துருவாக மாறும். ஸ்குரூக்களுக்கு நீல நிற லொக்டைட் (ஸ்குரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, சரியான இறுக்கத்தில் தலைக்கும் உறைக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவையுங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் அந்தக் கோட்டைப் பாருங்கள். விலகியிருந்தால் ஸ்குரூ தளர்ந்துவிட்டது, குலுக்கிப் பார்க்கும் சோதனையை மறுபடி செய்த பிறகே ரவை ஏற்றலாம்.