வாசகர் கேள்வி: ஸாக்ரெப் நகரின் அஸ்ரா

கேள்வி: டர்பன் துறைமுகத்தில், கப்பல்களுக்கு உணவுப் பொருள் ஏற்றிவிடும் வேலை பார்க்கிறேன். குரோவேஷிய மாலுமி ஒருவர் ‘அஸ்ரா’ என்னும் ராக் குழுவின் பாடல்களை ஓயாமல் கேட்கிறார். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்துப் பாடல்கள் என்கிறார். அந்த ஆட்சியில் இவற்றுக்கு எப்படி இடம் கிடைத்தது? குழு என்னவாயிற்று?
– வாசகர் ஒருவர், சாட்ஸ்வொர்த்

பதில்: அஸ்ராவின் கதை பெரும்பாலும் ஒரே மனிதரின் கதைதான். 1953இல் ஸ்கோப்யே நகரில், ராணுவத்தில் பணியாற்றியவரின் மகனாகப் பிறந்த பிரானிமிர் ஷ்டூலிச், ‘ஜானி’ என்று எல்லோராலும் அழைக்கப்பட்டவர், 1977இல் ஸாக்ரெப் நகரில் இக்குழுவைத் தொடங்கினார். ஜெர்மன் கவிஞர் ஹைனேயின் கவிதையொன்று போஸ்னியாவில் நாட்டுப்பாடலாகவே நிலைத்துவிட்டது. குழுவின் பெயர் அதிலிருந்து எடுத்ததாகும். ஷ்டூலிச்சோடு ஒத்துப்போவது எளிதன்று. யூரா ஸ்டூப்ளிச் உள்ளிட்ட தொடக்க கால உறுப்பினர்கள் விலகிச் சென்று ‘ஃபில்ம்’ என்ற குழுவை அமைக்க, அதுவும் அஸ்ராவுக்கு இணையாகப் புகழ்பெற்றது. பிறகு பேஸ் கிடாரில் மிஷோ ஹ்ர்ன்யாக், டிரம்ஸில் போரிஸ் லைனர் என மூவராக அமைந்த குழுவையே ரசிகர்கள் உண்மையான அஸ்ராவாகக் கருதுகிறார்கள்.

இனி அனுமதி பற்றிய கேள்வி. குரோவேஷியா அப்போது யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதி. 1948இல் சோவியத் தலைவர் ஸ்டாலினோடு முறித்துக்கொண்ட யூகோஸ்லாவியா, சோவியத் முகாமைச் சேர்ந்த நாடன்று. மேற்கத்திய இசைத்தட்டுகள் அங்கே தாராளமாகப் புழங்கின. இதைவிட வியப்பானது, ‘புதிய அலை’ எனப்பட்ட இந்த ராக் இசைப் போக்கை வளர்த்தவற்றில் அரசு சார்ந்த நிறுவனங்களும் இருந்தன என்பதுதான்: ‘போலெட்’ என்ற இதழை நடத்தியது சோஷலிஸ்ட் இளைஞர் அமைப்பு, தட்டுகளை வெளியிட்டது ‘யூகோடான்’ என்னும் சமூகவுடைமை நிறுவனம். ஆனாலும் கட்டுப்பாடே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். தரக்குறைவானது என்று ஒரு மதிப்பீட்டுக் குழு தீர்ப்பளித்த தட்டுக்குத் தனி வரி விதிக்கப்பட்டு, அதன் விலை ஏறிவிடும். அதே காலத்தில் நம் தென்னாப்பிரிக்க வானொலியின் தட்டு நூலகத்தில், ஒலிபரப்பக் கூடாத பாடலின் மீது கூர்மையான கருவியால் குறுக்கே கீறி, முள் ஓடவே முடியாதபடி செய்துவைத்தார்கள் என்பதை நினைத்தால், விலையேற்றம் எவ்வளவோ மேல் என்றுதான் தோன்றுகிறது.

யூகோஸ்லாவியாவை ஆண்ட டிட்டோ 1980 மே மாதம் மறைந்தார். அஸ்ராவின் முதல் ஆல்பமும் அதே ஆண்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வந்த ‘தெருவின் வெயில் பக்கம்’ என்ற இரட்டைத் தட்டில், க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தால் கொந்தளித்துக்கொண்டிருந்த போலந்துக்கு ஆதரவாக ஒரு பாடல் இடம்பெற்றது. ஒரு சோஷலிஸ்ட் நாட்டின் தொழிலாளர்கள் தங்கள் அரசை எதிர்ப்பதை இன்னொரு சோஷலிஸ்ட் நாட்டின் இளைஞர் வெளிப்படையாகப் பாடியது சிறிய செயலன்று. பிறகு, ஸாக்ரெபின் ‘குலுஷிச்’ அரங்கில் ரசிகர்கள் முன்னிலையில் பதிவுசெய்த நிகழ்ச்சி, 1982இல் மூன்று தட்டுகளாக வெளிவந்தது. மூன்று கருவிகளும் ஷ்டூலிச்சின் அவசரமான குரலும் மட்டுமே கொண்டு அத்தனை நேரம் கேட்பவரைக் கட்டிப்போடுவது அரிது.

அதன் பின் சரிவுதான். ஹ்ர்ன்யாக் விலகினார், ஷ்டூலிச் நெதர்லாந்துக்குச் சென்றார், 1987இல் மீண்டும் அஸ்ரா என்ற பெயரில் ஓர் ஆல்பம் வந்தபோதிலும் பழைய வேகம் அதில் இல்லை என்பது என் கருத்து. யூகோஸ்லாவியா சிதறிய பிறகு யூகோடான் ‘குரோவேஷியா ரெக்கார்ட்ஸ்’ ஆயிற்று. ஷ்டூலிச் நெதர்லாந்திலேயே தங்கி, மேடைகளை அறவே ஒதுக்கிவிட்டு, ஹோமரின் இலியத் காவியத்தைத் தம் மொழியில் பெயர்ப்பது போன்ற பணிகளில் ஈடுபட்டார். திரும்பி வந்து பாடுவார் என்று ரசிகர்கள் எவ்வளவோ காத்திருந்தும் அவர் இசையவில்லை. நீங்கள் கேட்கத் தொடங்குவதாயின், மாலுமியிடம் அந்த 1981ஆம் ஆண்டு இரட்டைத் தட்டை முதலில் கேட்டு வாங்குங்கள். மூன்று தட்டு நிகழ்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.