வாசலுக்கு மேலே என்ன வைப்பது? வீடு கட்டுவோர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை லிண்டலை, அதாவது வாசல், ஜன்னல்களுக்கு மேலே குறுக்காக வைத்துச் சுவரைத் தாங்கும் உத்திரத்தை, சுற்றியே இருந்தன. கல், மரம், சுண்ணாம்பு என்று பழைய பொருள்களுக்குத் திரும்ப நினைப்பவர்கள் பெருகுவது எனக்கு மனநிறைவு தருகிறது. ஒவ்வொரு பொருளும் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்துகொண்டு கையில் எடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எங்கள் ஊரைச் சுற்றிலும் கல்தான். புது வீட்டு வாசலுக்கும் ஜன்னல்களுக்கும் கான்கிரீட் லிண்டலுக்குப் பதிலாகக் கல்லையே வைக்க ஆசை. கொத்தனார் "கல் முறிந்துவிடும்" என்கிறார். உண்மையா? (வாசகர், மேலூர்)

பாதி உண்மை. கல்லின் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். அதை வளைக்கத்தான் கூடாது. வாசலின் குறுக்கே கிடத்திய கல்லின் மேல்முகம் அழுத்தப்படும், அடிமுகம் இழுக்கப்படும். கிரானைட் அழுத்தத்தைத் தாங்கும் வலுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுவைக்கு நிற்கும். கான்கிரீட்டிலும் இதே குறை உண்டு. அதனால்தான் அதன் அடிப்பகுதியில் கம்பி போடுகிறோம். கல்லுக்குள் கம்பி கிடையாது. அடியில் ஒரு கீறல் விழுந்தால், முன்கூட்டி எந்த அடையாளமும் காட்டாமல் இரண்டாகப் பிளந்துவிடும்.

மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் ஏன் அத்தனை நெருக்கமாக நிற்கின்றன? கல் உத்திரம் நெடுந்தூரம் பாயாது என்பதும் அதற்கு ஒரு காரணம். தூணின் தலையில் இருபுறமும் நீளும் போதிகை அந்த இடைவெளியை இன்னும் குறைக்கிறது. அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கும் திருமலை நாயக்கர் மகாலில், 1636இல் கட்டியவர்கள் வேறு வழியை எடுத்தார்கள். அகன்ற இடைவெளிகளில் குறுக்கே எதையும் கிடத்தாமல், செங்கல்லையும் சுண்ணாம்பையும் வளைவாக ஏற்றிப் பாரத்தை இரு பக்கமும் இறக்கினார்கள். வீடு கட்டும் முன் இந்த இரண்டு இடங்களுக்கும் ஒருமுறை போய், அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்கள் வீட்டில் இரண்டு வழிகளையும் சேர்த்தே கையாளலாம். 3 அடி ஜன்னலுக்கும் 3½ அடி வாசலுக்கும் கல் போடலாம்; 4 அடிக்கு மேல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுவரின் முழு அகலத்துக்கும் கல் இருக்கட்டும், கனம் 6 அங்குலம். இருபுறமும் 8 அங்குலம் சுவரில் உட்கார வேண்டும். அதற்கு மேலே ஒரு செங்கல் வளைவு கட்டிவிட்டால், சுவரின் பாரம் கல்லின் நடுவில் இறங்காமல் பக்கங்களுக்குப் போய்விடும். மாடியின் பீம் வாசலுக்கு நேர் மேலே வந்து உட்காருகிறது என்றால் கல்லை மறந்துவிடுங்கள். அங்கே கம்பி கட்டிய லிண்டல்தான்.

கல்லை வாங்குமுன் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வெண்கலம்போல் ஒலித்தால் நல்லது. ஓசை மந்தமாக வந்தால் உள்ளே கீறல் இருக்கிறது. நரம்பு குறுக்கே ஓடும் கல்லையும் ஒதுக்குங்கள். 9 அங்குலச் சுவரின் வாசலுக்கு நான் சொன்ன அளவில் ஒரு கல் 130 கிலோவைத் தாண்டும். தூக்க நான்கு பேராவது வேண்டும், அடியில் சாரமும் வேண்டும்.

வீடு கட்டி மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. லிண்டலில் கோளாறா? (வாசகி, திருமங்கலம்)

உங்கள் பக்கம் கரிசல் மண் மிகுதி. மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும் மண் அது. அடித்தளம் போதிய ஆழம் போகவில்லை என்றால் வீடும் அதோடு சேர்ந்து அசையும். விரிசலின் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதியை எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. விரிசல் சித்திரையில் விரிந்து கார்த்திகையில் மூடிக்கொண்டால் காரணம் மண்தான். மேலே பூசி மறைப்பதில் பயனில்லை. சுவரையொட்டித் தண்ணீர் தேங்காமல் பாருங்கள், வீட்டைச் சுற்றி 3 அடி அகலத்துக்குச் சரிவான தளம் போடுங்கள்.

விரிசல் லிண்டலின் முனையிலேயே தொடங்கி, கண்ணாடியும் உடையாமல் இருந்தால், லிண்டல் சுவரில் 6 அங்குலம்கூட உட்காரவில்லை என்று சந்தேகப்படலாம். கரிசலில் இனிமேல் கட்டுகிறவர்கள் தனித்தனி லிண்டல்களாகப் போடாமல், எல்லாச் சுவர்களையும் சுற்றி ஒரே பெல்ட்டாக ஓட்டுங்கள். அடித்தளத்திலும் ஒரு பெல்ட் அவசியம்.

லிண்டல் 7 அடியில்தான் இருக்க வேண்டுமா? (வாசகர், அலங்காநல்லூர்)

கட்டாயம் இல்லை. கதவு நிலையின் உயரத்துக்காக ஏற்பட்ட பழக்கம் அது. 8 அடிக்கு ஏற்றலாம், ஆனால் வாசலும் ஜன்னலும் ஒரே மட்டத்தில் வரட்டும். சன்ஷேடும் மேலே ஏறிவிடுவதால் மேற்கு வெயில் உள்ளே இறங்கும். அந்தப் பக்கத்தில் மட்டும் அதன் நீட்டத்தைக் கூட்டுங்கள்.

தாத்தா வீட்டைப் பிரித்தபோது நல்ல தேக்கு உத்திரங்கள் கிடைத்தன. லிண்டலாகப் போடலாமா? (வாசகர், சோழவந்தான்)

அந்த மரத்தை விற்காமல் வைத்திருப்பதற்கு என் நன்றி. ஆனாலும் செங்கல் சுவரை அதன் தலையில் ஏற்றாதீர்கள். தொடர்ந்து பாரம் சுமக்கும் மரம் ஆண்டுக்கு ஆண்டு மெல்லத் தொய்யும். சுவர் தொய்யாது, வெடிக்கும். திண்ணைக்கும் தாழ்வாரத்துக்கும் ஓட்டுக் கூரையைத் தாங்க அது மிகப் பொருத்தம்.

சுவருக்குள் இருந்த முனைகளை முதலில் சோதியுங்கள். ஈரமும் கறையானும் அங்கேதான் தொடங்கும். திருப்புளி எளிதாக இறங்கினால் அந்தப் பகுதியை அறுத்துத் தள்ளுங்கள். மறுபடி வைக்கும்போது முனையைச் சிமெண்டில் புதைக்காமல் ஒரு கல்லின் மேல் உட்காரவைத்து, சுற்றிலும் அரை அங்குலம் காற்று விடுங்கள்.

80 ஆண்டு பழைய வீடு. சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடங்களில் சிமெண்ட் பூசினோம். ஒரே மழையில் பொரிந்துவிட்டது. (வாசகி, சிம்மக்கல்)

எங்கள் பூர்வீக வீட்டிலும் இதே தவறு நடந்தது. பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக் காரை வழியே அதை வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து அதை உந்தித் தள்ளுகிறது. அடுத்த முறை சிமெண்டை இன்னும் கெட்டியாகப் பூசினால் செங்கல்லே அரிக்கத் தொடங்கும்.

பூசிய சிமெண்டைச் செங்கல் உடையாமல் கொத்தி எடுங்கள். ஒரு கோடை முழுவதும் சுவரைத் திறந்து போடுங்கள். நாங்கள் பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் அப்படியே விட்டோம். பிறகுதான் உப்பு பூப்பது நின்றது. நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் சில வாரம் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசச் சொல்லுங்கள். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் மறுபடியும் அதே அடைப்புதான்.

ஜன்னல் சன்ஷேடு லிண்டலை ஒட்டிய இடத்தில் மேற்புறம் வெடித்துத் தொங்குகிறது. பூசினால் போதுமா? (வாசகர், உசிலம்பட்டி)

போதாது. லிண்டலுக்குக் கம்பி அடியில் இருக்க வேண்டும். வெளியே நீளும் சன்ஷேடுக்கு மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆள் மிதித்தாலே மேல்கம்பி அடிக்கு இறங்கிவிடும். உங்கள் வீட்டில் அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அடியில் கிடக்கும் கம்பி அங்கே எதையும் பிடித்து நிறுத்தாது. இன்றே முட்டுக் கொடுங்கள், கீழே பிள்ளைகள் விளையாட விடாதீர்கள். உடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கம்பியின் கொக்கி லிண்டலுக்குள் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று கான்கிரீட் ஊற்றுமுன் நீங்களே நின்று பாருங்கள். புதியது இறுகி, அதன் உள்முனைமேல் சுவர் ஏறும்வரை முட்டுகளை எடுக்க வேண்டாம்.