கேள்வி-பதில்: 'கண்டறியப்படவில்லை' என்று எழுதியிருந்தால் போதுமா?

கேள்வி: ஒரே பூஞ்சைக்கொல்லிக்கு திராட்சையில் ஒரு எச்ச வரம்பு (விளைச்சலில் மிஞ்ச அனுமதிக்கும் மருந்தின் அளவு), கோதுமையில் வேறு. எதுதான் பாதுகாப்பான அளவு?

பதில்: அந்த எண் விஷத்தின் எல்லைக்கோடு இல்லை. லேபிளில் உள்ளபடி மருந்தடித்து, சொன்ன நாள் காத்திருந்து அறுத்தால் விளைச்சலில் எவ்வளவு மிஞ்சும் என்று வயலில் சோதித்து வைப்பது. பயிருக்குப் பயிர் மருந்தடிக்கும் முறை வேறு, எண்ணும் வேறு. உடம்புக்கான கணக்கு தனி. விலங்குகளுக்குப் பாதிப்பே தராத அளவை எடுத்து, வழக்கமாக 100-ஆல் வகுப்பார்கள். வருவதுதான் ஒரு நாளைக்கு உடம்பு தாங்கும் அளவு. எல்லா உணவிலும் உள்ள எச்சம் சேர்ந்து அந்த அளவைத் தாண்டும் என்றால் அந்த எச்ச வரம்பை ஏற்கக் கூடாது.

கேள்வி: 'எச்சமே இல்லை' என்று ஆய்வறிக்கையோடு விற்ற திராட்சையை இரட்டை விலைக்கு வாங்கினேன். நானே ஆய்வகத்தில் கொடுத்தபோது டைதயோகார்பமேட் வகைப் பூஞ்சைக்கொல்லி இருந்தது. விற்றவர் தன் அறிக்கையைக் காட்டி, பணம் தர மறுக்கிறார்.

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்கு எரிச்சலே இந்த 'கண்டறியப்படவில்லை' மேல்தான். எதைத் தேடினார்கள்? எவ்வளவு சிறிய அளவு வரை அந்தக் கருவிக்குத் தெரியும்? இந்த இரண்டும் இல்லாத அறிக்கை வெறும் காகிதம். மேன்கோசெப் போன்ற டைதயோகார்பமேட் மருந்துகள், நூற்றுக்கணக்கான மருந்துகளை ஒரே ஓட்டத்தில் பார்க்கும் வழக்கமான சோதனையில் சிக்காது. அமிலத்தில் சூடாக்கி, வெளிவரும் கார்பன் டைசல்பைடைத் தனியாக அளக்க வேண்டும். அந்தச் சோதனையைச் செய்யாமலே 'இல்லை' என்று அச்சடிக்கலாம், பொய்யும் ஆகாது! அவர் அறிக்கையின் எல்லாப் பக்கங்களையும் கேளுங்கள். சோதித்த மருந்துகளின் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். மாதிரி எடுத்த தேதியும் சரக்கு எண்ணும் உங்கள் பெட்டியோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். உங்கள் பழத்தில் இருந்தது வரம்புக்குள்ளேயே இருக்கலாம். இருக்கட்டும், அவர் விற்றது 'எச்சமே இல்லை' என்ற வாக்கை. விளம்பரப் படம், ரசீது, இரண்டு அறிக்கைகள் எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள். விடாதீர்கள்.

கேள்வி: பழத்தை சோப்புப் போட்டுக் கழுவலாமா?

பதில்: வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்தால் போதும்.

கேள்வி: தண்ணீரில் குமிழி விட்டுக் காய்கறி சுத்தம் செய்யும் கருவி வாங்கினேன். உள்ளே ஊறிய மருந்தையும் எடுக்கும் என்றார்கள். நம்பலாமா?

பதில்: என்னுடையது பரணில் இருக்கிறது. மேலே படிந்து நிற்கும் மருந்தில் ஒரு பங்கு கழுவினாலே போகும். செடி உறிஞ்சித் திசுவுக்குள் போனதைக் குமிழி விட்டு வெளியே இழுக்க முடியாது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடியவில்லையே? ஓடுங்கள்.

கேள்வி: ஆரஞ்சுத் தோலில் ஊறுகாய் போடலாமா?

பதில்: அறுவடைக்குப் பின் அழுகாமலிருக்க இமசலில், தையாபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லிகளைப் பூசுவது வழக்கம், பெரும்பகுதி தோலிலேயே நிற்கும். பெட்டியில் 'மேல்தோல் பதப்படுத்தப்பட்டது' என்று இருந்தால் சுளையை மட்டும் சாப்பிடுங்கள்.

கேள்வி: தொட்டித் தக்காளிக்கு, கடையில் சில்லறையாக ஊற்றிக் கொடுத்த பூஞ்சைமருந்து அடித்தேன். பெயர் தெரியாது. எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம்?

பதில்: பெயர் தெரியாத மருந்துக்கு நாள் குறிக்க நான் ஜோசியர் இல்லை. காத்திருக்க வேண்டிய நாள் லேபிளில்தான் இருக்கும். நீங்கள் லேபிளே இல்லாமல் வாங்கியிருக்கிறீர்கள். அந்தத் தக்காளியைச் சாப்பிட வேண்டாம். மிச்ச மருந்தைச் சாக்கடையிலும் ஊற்றாதீர்கள்.